பெரியம்மா என்னை மறந்துவிட்டாரா?

கேள்வி: எனக்கு 46 வயது, வெள்ளவத்தை. தெஹிவளையில் மச்சாளோடு இருக்கும் என் 81 வயதுப் பெரியம்மாவுக்கு இரண்டு வருடமாக மறதி. ஞாயிறுதோறும் போய்ச் சேர்ந்து கோப்பி குடிப்போம். போன கிழமை வரை என் பெயரைச் சொன்னவர், இந்த ஞாயிறு ‘யார் பிள்ளை நீ?’ என்கிறார். பகலெல்லாம் தூக்கம், இரவில் சுவரோடு பேச்சு. இடையில் தடிமனுக்குக் குளிசை எடுத்தார். கோப்பி காரணமா? நானும் நாளுக்கு நான்கு கோப்பி குடிக்கிறேன், திறப்பை வைத்த இடம் மறக்கிறேன். இணையத்தில் வாசித்ததிலிருந்து நித்திரை இல்லை.

பதில்: உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களுக்கும் சேர்த்து.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடையில் ஒருவரை இப்படிப் புரட்டிப்போடாது. பகலில் மயங்கிக் கிடப்பது, இரவில் இல்லாத ஆட்களோடு பேசுவது, காலையில் ஒரு மாதிரி மாலையில் வேறு மாதிரி இருப்பது எல்லாம் திடீர்க் குழப்பநிலை. வைத்தியர்கள் நாங்கள் இதை டெலிரியம் என்போம். மறதி உள்ளவர்களை இது எளிதில் பிடிக்கும். ‘வருத்தம் முற்றிவிட்டது’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும், பலமுறை அதைச் சரிசெய்யவும் முடியும்.

சலத்தில் கிருமி இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலோ எரிவோ இல்லாமலேயே அது வரும். நெஞ்சில் சளி, நாலைந்து நாள் மலம் போகாதது, பிரஷர் குளிசையால் இரத்தத்தில் உப்புக் குறைவது, சில கிழமைக்கு முன் விழுந்து தலை அடிபட்டது என்று பட்டியல் நீளும். அப்புறம் அந்தத் தடிமன் குளிசை. பிரிட்டோன் போன்றவற்றைப் பாமசியில் மிட்டாய் வாங்குவதுபோல் வாங்குகிறார்கள். 80 வயது மூளைக்கு அது மிட்டாய் இல்லை, குழப்பத்தைக் கிளப்பிவிடும். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒருவரும் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி ஒரு மாற்றம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் பலமிழத்தல் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும், பாமசியில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மச்சாளும் கூடப் போகட்டும். எந்த நாள் மாறினார் என்று சொல்லக்கூடியவர் அவர்தான். இருக்கட்டும் என்று நீங்களாக அன்டிபயோட்டிக் தொடங்கவேண்டாம்.

சரி, கோப்பி. பெரியம்மாவின் மறதி அதனால் வரவில்லை. காலையில் ஒன்று தாராளமாகக் கொடுங்கள், பின்னேரம் வேண்டாம். உங்கள் நான்கு கோப்பையும் பொதுவாக ஒரு நாளைக்குப் பாதுகாப்பு என்று சொல்லப்படும் 400 மில்லிகிராம் கஃபீனை ஒட்டித்தான் வரும். நித்திரை இல்லை என்கிறீர்களே, மதியத்துக்குப் பிறகு குடிப்பதை விடுங்கள், இரவில் இணையத்தையும். திறப்பைத் தேடுவது வேலைக்குப் போகும் 46 வயதுக்காரருக்குச் சாதாரணம். திறப்பு எதற்கு என்றே தெரியாமல் நின்றால் வாருங்கள். 80 வயதை நெருங்கும்போது பெரியம்மாவுக்கு மறதி தொடங்கியதை வைத்து உங்களுக்கும் வரும் என்று சொல்லமுடியாது.

குழப்பம் தெளியச் சில கிழமை எடுக்கலாம், முழுதாகத் தெளியாமலும் போகலாம். அதுவரை ‘என்னைத் தெரியுதா?’ என்று சோதனை வைக்காதீர்கள். உள்ளே போனதும் உங்கள் பெயரையும் யாருடைய மகள் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.