லைட்வெயிட் பிளாக் சுவர் பூஜை மண்டபத்தைத் தாங்குமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் நாலறை வீட்டின் வரவேற்பறையில் ஒரு பகுதியைத் தடுத்து, பூஜைக்கும் பையன் படிக்கவும் இடம் அமைக்கப் போகிறோம். கான்ட்ராக்டர் லைட்வெயிட் பிளாக் போதும் என்கிறார். நகத்தால் கீறினாலே அதில் தூள் உதிர்கிறது. மாமனார் இது நிற்காது என்கிறார். டிவி, புத்தக அலமாரி, மர மண்டபம் மூன்றும் இந்தச் சுவரில்தான் வரும். பிரிட்டனில் இதே பொருளால் பள்ளிகளை மூடினார்கள் என்றும் படித்தேன். நம்பிக் கட்டலாமா?"

கட்டலாம். சுவர் நிற்கும். மாமனார் கவலைப்பட வேண்டியது, அந்தச் சுவரில் எதை எப்படி மாட்டப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான்.

இந்த பிளாக்கைக் காற்றூட்டிய கான்கிரீட் என்பார்கள். இதில் இருப்பது அரைத்த மணல், சிமென்ட், சுண்ணாம்பு, கொஞ்சம் ஜிப்சம், தண்ணீர், அப்புறம் மிகச் சிறிதளவு அலுமினியத் தூள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கலவை இட்லி மாவு போலப் பொங்கும். பிறகு ஹைட்ரஜன் வெளியேறி, குமிழ்களில் காற்று நிறைந்துவிடும். அதைத் துண்டு போட்டு, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் ஏறத்தாழ 190 டிகிரி நீராவியில் பல மணி நேரம் வைப்பார்கள். அந்தச் சூட்டில்தான் டோபர்மோரைட் என்ற படிகம் உருவாகிறது. பிளாக்கின் வலிமைக்கு அதுவே காரணம். நுரை கலந்து சாதாரணமாக உலரவிடும் கான்கிரீட்டும் லேசானதுதான், ஆனால் அது அதிகமாகச் சுருங்கும். ஆகவே, பிளாக் ஆட்டோகிளேவில் பதப்படுத்தப்பட்டதா என்று கான்ட்ராக்டரிடம் முதலில் கேளுங்கள்.

வலிமைக்கு வருவோம். தடுப்புச் சுவருக்கான பிளாக்கின் அழுத்த வலிமை பெரும்பாலும் சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 5 நியூட்டன். தூண்களுக்குப் போடும் கான்கிரீட்டில் இது 30-க்கு மேல் இருக்கும் என்பதால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் சுவர் எதைத் தாங்குகிறது? தன் எடையை மட்டும். கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள பிளாக்கில் 2.6 மீட்டர் உயரச் சுவர் எழுப்பினால், அடிவரிசையில் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 0.015 நியூட்டன். 3 நியூட்டன் தாங்கும் பிளாக்குக்கு இது இருநூறில் ஒரு பங்கு.

தரைத்தளத்துக்கும் இது நல்லது. மூன்று மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால், பூச்சு சேர்க்காமல் சுவரின் எடை ஏறத்தாழ 470 கிலோ. அதையே செங்கல்லில் கட்டினால் 1,400 கிலோ வரும். அடுக்குமாடியில் அந்தச் சுமை முழுக்கத் தளத்தின் மேல்தான் இறங்கும். வீவக-விடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி வாங்கி, அதன் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டரை வைத்தே வேலையைச் செய்யுங்கள்.

இந்தப் பொருளின் பலவீனம் இழுவிசையில் இருக்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். வீட்டில் கிடக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகினால், அது விரிந்து குமிழ்களை நொறுக்கிவிடும். சில மாதத்தில் பிளக்கோடு திருகும் கையோடு வரும். காற்றூட்டிய கான்கிரீட்டுக்கென்றே செய்த நைலான் ஆங்கர் (திருகைப் பிடித்துக்கொள்ளும் செருகி) கடைகளில் உண்டு. கனமான பொருளுக்கு ரெசின் ஊற்றிப் பதிக்கும் ஆங்கர் நல்லது, இல்லாவிட்டால் சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடலாம். துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

டிவி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டி மாட்டினால் எடை பெரும்பாலும் கீழ்நோக்கியே போகும். முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் என்றால் கதை வேறு: டிவி 40 சென்டிமீட்டர் வெளியே வந்து, மேல் கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், மேல் போல்ட்டுகளை 40 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும். எடையைப் போல இரண்டு மடங்கு! இந்தச் சுவரில் அந்த வகை பிராக்கெட் வேண்டாம். உண்மையில் டிவியை வேறு சுவருக்கே மாற்றச் சொல்வேன். லேசான சுவர் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. பின்னால் பையன் படிக்க வேண்டுமே.

புத்தக அலமாரியும் மண்டபமும் தரையில் நிற்கட்டும். சாயாமல் பிடிக்க மட்டும் சுவரில் கட்டுங்கள். விளக்கேற்றும் இடம் என்பதால் ஒரு நல்ல செய்தி: இந்த பிளாக் தீப்பிடிக்காது, வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. மர மண்டபத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

வெடிப்பு விழாமல் கட்டுவது கொத்தனாரின் கையில் இருக்கிறது. பிளாக் ஈரம் உறிஞ்சும், உலரும்போது சுருங்கும். நம் ஊர்க் காற்றில் மெதுவாகத்தான் உலரும். பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். சுவரின் உச்சியை மேல்தளத்தோடு இறுக்கிக் கட்டாமல் சிறு இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய பொருளால் நிரப்ப வேண்டும். மேல்தளம் சற்று வளையும்போது சுவர் நசுங்காமல் இருக்க இதுவே வழி. பழைய சுவரோடு சேரும் மூலையில் உலோகப் பட்டையும், பூச்சுக்குள் வலையும் வையுங்கள்.

பிரிட்டன் விஷயம். 2018-இல் கென்ட் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் கூரை இடிந்தது. 2023-இல் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். அங்கே சிக்கலானவை உள்ளே கம்பி வைத்த பழைய பலகைகள், பெரும்பாலும் தட்டைக் கூரைகளில். கூரையில் நீர் கசிந்தால் பலகை பலமிழக்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். சில இடங்களில் பலகையின் முனை சுவர்மேல் போதிய அளவு உட்காரவும் இல்லை. கூரைப் பலகை வளைந்து சுமை தாங்கியாக வேண்டும். உங்கள் தடுப்புச் சுவருக்கு அந்த வேலை இல்லை, உள்ளே கம்பியும் இல்லை.

சுவர் எழுப்பும் முன்பே திரைச்சீலைக் கம்பி, சிறு தட்டு, மண்டபத்தின் பிடிமானம் வரும் இடங்களைச் சாக்பீஸால் தரையில் குறித்து, உயரத்தையும் கான்ட்ராக்டரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த இடங்களில் மட்டும் அடர்த்தியான பிளாக் வைத்துக் கட்டித் தருவார்.