பட்டறைக் கேள்வி பதில்: சி.என்.சி. மெசினில் லேசர் பூட்டலாமா?

கேள்வி: 3018 வகை சி.என்.சி. மெசினில் (கணினிக் கட்டளைப்படி இயங்கும் செதுக்கு மெசின்) பெயர்ப்பலகை செதுக்குகிறேன். தேயிலைப் பரிசுப் பெட்டிக்கு 3 மில்லிமீற்றர் பிளைவுட் வெட்ட, ‘40 வாட்’ என்று போட்ட லேசர் தலை ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வாங்கி அப்படியே சொருகிவிடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் அந்த 40 வாட்டைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது தலைக்குள் போகும் மின்சாரத்தின் கணக்கு: 12 வோல்ட், 3 அம்பியர் சொச்சம். வெளியே வரும் ஒளி 5 முதல் 10 வாட்தான் இருக்கும். ஒளி வலு எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 5 வாட் ஒளியும் காற்று ஊதலும் இருந்தால், நிமிடத்துக்கு 200 – 300 மில்லிமீற்றர் வேகத்தில் இரண்டு மூன்று ஓட்டத்தில் 3 மில்லிமீற்றர் பிளைவுட் அறுபடும். அதை வைத்து ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு ஓடர் எடுங்கள்.

தலை கருகிப்போவது பெரும்பாலும் வோல்ட் மாறுவதால்தான். உங்கள் மெசினின் பவர் சப்ளை 24 வோல்ட். லேசர் 12 வோல்ட். சுழல் மோட்டருக்குப் போகும் வயரில் லேசரைக் கொடுத்தால் அதன் டிரைவர் (லேசருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்று) அந்த நொடியே போய்விடும். லேசருக்கென்று 12 வோல்ட், 5 அம்பியர் சப்ளை ஒன்றைத் தனியாக வையுங்கள். தலையைப் பூட்டுமுன் மல்டிமீற்றரால் வோல்ட்டைப் பாருங்கள். இரண்டு சப்ளைகளின் மைனஸ் வயர்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்ட் அனுப்பும் சிக்னல் லேசருக்கு விளங்காது, எரிவதும் அணைவதும் தாறுமாறாக இருக்கும்.

சிக்னல் வயர் 5 வோல்ட் பி.டபிள்யூ.எம். (வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வலுவைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல்). மெசினை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஜி.ஆர்.பி.எல். 1.1 என்ற மென்பொருள் ஓடுகிறதென்றால் அது 11ஆம் பின்னில் வரும். மேலே சி.என்.சி. ஷீல்ட் (மோட்டர் வயர்களைப் பூட்டும் மேல் போர்ட்) பூட்டியிருந்தால் அதே பின்னுக்கு இசட் லிமிட் (மேல் கீழ் எல்லைச் சுவிட்ச்) என்று அச்சிட்டிருப்பார்கள். ஷீல்டை வரைந்தது ஜி.ஆர்.பி.எல்.லின் பழைய பதிப்புக்கு. சிக்னலுக்கும் மைனஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் சோல்டர் பண்ணுங்கள். போர்ட் உயிர்பெறும் அந்தச் சில நொடியில் அந்த 11ஆம் பின் ஆன், ஓஃப் எதுவுமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் லேசர் முழு வலுவில் பாயலாம். அந்த நேரம் யாராவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண் போனது போனதுதான்.

சுழல் மோட்டரைக் கழற்றியே வையுங்கள். பல போர்டுகளில் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான். லேசர் எரியும்போது மோட்டரும் சுற்றும், மரத்தூள் லென்ஸில் படியும்.

பிறகு ஜி.ஆர்.பி.எல். செட்டிங்: $30=1000 (உச்ச அளவு), $31=0 (ஆகக் குறைந்த அளவு), $32=1. கடைசியில் உள்ளதுதான் லேசர் மோட். கணினி மென்பொருளிலும் உச்ச அளவு 1000 என்றே இருக்க வேண்டும். அங்கே 255 என்றிருந்தால் கால்வாசி வலுவுக்கு மேல் ஏறாது. மறுபுறமாக, போர்டில் 255, மென்பொருளில் 1000 என்றிருந்தால், மெல்லிய நிழல்கூட கரிக்கட்டையாகத்தான் வரும்.

கேள்வி: எழுத்துகளின் மூலைகள் மட்டும் கருகுகின்றன. வலுவைக் குறைத்தால் நடுக்கோடு வெளிறிப்போகிறது.
– வாசகி, தலவாக்கலை

பதில்: உங்கள் கோப்பில் லேசரை எரியவைக்கும் கட்டளையாக எம்3 இருக்கிறது, அதை எம்4 ஆக மாற்றுங்கள். மூலையில் மெசின் வேகம் தணியும். எம்3 வலுவைத் தணிக்காது. எம்4 வேகத்தோடு சேர்த்து வலுவையும் குறைக்கும், மெசின் நின்றால் அணைத்தும்விடும். ஃபோகஸ் புள்ளியைக் காண மட்டும் ஜி1 (வெட்டு நகர்வு) நிலையில் எம்3 எஸ்10 (1000இல் 10 பங்கு வலு) போதும். சரியான உயரம் அறிய, பலகைத் துண்டு ஒன்றைச் சரிவாக வைத்து, எரிக்கும் வலுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு எங்கே ஆக மெல்லியதோ, அங்கே லென்ஸுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளிதான் சரியான உயரம்.

கேள்வி: போன மாதம் சுத்தமாக அறுத்த அதே வேகத்தில் இப்போது பிளைவுட் அறுபடவில்லை. லேசர் பழுதா?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: பலகை ஈரம் குடித்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் பெய்யும் மழைக்கு, சுவரில் சாத்திவைத்த பிளைவுட் தானாக ஈரம் இழுக்கும். வெட்டவேண்டிய வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் இந்தத் தொல்லை குறைவு. பலகையைப் பொலித்தீனில் சுற்றி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். விடியற்காலைக் குளிரில் லென்ஸில் பனி பூத்திருந்தால், அறை சூடேறும்வரை மெசினைப் போடாதீர்கள். புகை படிந்த லென்ஸை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அறுபடாவிட்டால் மட்டும் தலையைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: லயத்து அறையில் வைத்து ஓட்டலாமா? பிள்ளைகளும் இருக்கிறார்கள்.
– வாசகர், பண்டாரவளை

பதில்: திறந்தபடி ஓட்டவே கூடாது. இது நான்காம் வகுப்பு லேசர், ஆக ஆபத்தான வகை. பலகையில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். மெசினை முழுதாக மூடும் பெட்டி செய்யுங்கள், கதவு திறந்தால் லேசர் அணையும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். 445 நனோமீற்றர் (லேசரின் நீல ஒளியின் அலைநீளம்), ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 4 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட கண்ணாடி போடுங்கள். வெயில் கண்ணாடி உதவாது. குளிருக்கு ஜன்னலைச் சாத்தும் அறையில் புகை தங்கும், ஆகவே பெட்டியிலிருந்து 100 மில்லிமீற்றர் குழாயும் விசிறியும் வைத்து, காற்று எதிர்த்து அடிக்காத பக்கமாக வெளியே விடுங்கள். பழைய லயங்களில் ஏர்த் வயர் இல்லாத பிளக்கும் உண்டு. வயரிங் பாஸைக் கூப்பிட்டு அதைச் சோதித்த பிறகு மெசினைக் கொடுங்கள். பி.வி.சி. ஷீட்டை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்: ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், நுரையீரலையும் மெசினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும். பலகை எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். வெட்டி முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் ஸ்பிரே போத்தலும் தீயணைப்புச் சிலிண்டரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.