காவிரிக்கு சபர்மதிச் சட்டை பொருந்துமா?

கேள்வி: அகமதாபாத் போய் வந்தேன். சபர்மதியின் இரு கரையிலும் எவ்வளவு அழகாக நடைபாதையும் பூங்காவும் போட்டிருக்கிறார்கள்! திருச்சியில் காவிரியையே வைத்துக்கொண்டு, முக்கொம்புப் பூங்கா ஒன்றைத் தவிர நமக்கு என்ன இருக்கிறது? அதே மாதிரி இங்கேயும் கட்டினால் என்ன?
– ஒரு வாசகர், திருவரங்கம்

பதில்: முதலில் கணக்கைச் சரி செய்துவிடுவோம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மேலூரில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 முதல் இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 25 ஏக்கர். அதை விட்டுவிட்டீர்கள்.

சாயங்காலம் ஆற்றோரம் காலாற நடக்க இடம் கேட்பது நியாயம். ‘அதே மாதிரி’ என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. சபர்மதியில் நீங்கள் பார்த்த தண்ணீர் பெரும்பாலும் நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதை வாஸ்னா தடுப்பணை தேக்கி வைத்திருக்கிறது. ஆற்றை இரண்டு பக்கமும் சுவரெழுப்பி ஏறக்குறைய ஒரே அகலத்துக்கு நெருக்கியும் இருக்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி அது நீளமான ஒரு தெப்பக்குளம். மழைக்காலத்தில் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள தரோய் அணையைத் திறந்துவிட்டால் அங்கேயும் கீழ் நடைபாதை மூழ்கத்தான் செய்கிறது.

காவிரி தெப்பக்குளம் இல்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது என்பது ஏட்டுக் கணக்கு. சித்திரையில் மணல்வெளி, ஆடியில் படித்துறையின் மேல்படி வரை தண்ணீர். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தது. பெரும்பகுதியை, ஆறு இரண்டாகப் பிரிகிற முக்கொம்பில், கொள்ளிடத்துக்குத் திருப்பினார்கள். அங்கே 1836-ல் கட்டிய மேலணை அந்தப் பாரம் தாங்காமல், ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் 9-ஐப் பறிகொடுத்தது. இந்த ஆற்றின் ஓரத்தில் சட்டை தைக்க உட்காருகிறவர் வெள்ளத்தின் உடம்புக்கு அளவெடுக்க வேண்டும். கோடைக்கால உடம்பைப் பார்த்து வெட்டினால் தையல் பிரியும்.

அளவு எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வெள்ளம் வடிந்த வாரத்தில் கரையோர மரக்கிளைகளில் குப்பை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். பரிசல்காரரைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே மூழ்கி எழுந்தாலும் சேதமாகாத பொருள் மட்டும்தான் வரலாம்: கருங்கல் படி, கல் திண்ணை, அருகம்புல். மின்பெட்டி, விளக்கின் இணைப்பு, கழிப்பறை, ஊஞ்சல் எல்லாம் கோட்டுக்கு மேலே. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. திறப்பு விழாப் படத்தில் ஆறும் விழ வேண்டும் என்று அலங்கார விளக்கைத் தண்ணீரோரம் நட்டுவிட்டு, கல் திண்ணையை ரோட்டோரம் போடுகிறார்கள்.

அடுத்து, கரைச் சுவர். அது எப்போது விழும் என்று யாரையாவது கேட்டால், வெள்ளம் ஏறும்போது என்பார்கள். பெரும்பாலும் வடியும்போதுதான் விழுகிறது. மேலே அணையின் ஷட்டரை இறக்கியதும் ஆற்று மட்டம் மளமளவென்று குறையும். சுவருக்குப் பின்னால் கரை மண்ணில் ஊறி நிற்கிற தண்ணீரால் அந்த வேகத்துக்கு இறங்க முடியாது. முன்னால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆறு போய்விட்டது, பின்னாலிருந்து ஈரமண் தள்ளுகிறது. சுவர் வயிறு தள்ளிச் சாய்கிறது. இதற்கு மருந்து, வடிகுழாய். சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 4 அங்குலக் குழாய், ஆற்றுப் பக்கம் லேசான சரிவோடு. உள்முனையைச் சுற்றி ஓர் அடிக்குக் குறையாமல் ஜல்லி, ஜல்லிக்குப் பின்னால் பருமணல். இந்த ஜல்லியை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் செருகினால் இரண்டில் ஒன்று நடக்கும். குழாய் மண்ணால் அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தண்ணீரோடு கரை மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, மேலே நடைபாதை உள்வாங்கும். உட்கார்ந்துபோன டைல்ஸைப் பார்த்ததும் சிமெண்டைத் திருடிவிட்டார்கள் என்று திட்டுகிறோம். பல நேரம் அங்கே காணாமல் போனது ஜல்லி.

சுவர் இல்லாமலே சரிவாக விட முடிகிற இடத்தில் வெட்டிவேர் போதும். வேர் நேர்கீழாக 3 மீட்டர் வரை இறங்கி மண்ணைத் தைத்துவிடும். நாற்றுக்கு நாற்று 15 செ.மீ., சரிவில் ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வரிசை. தண்ணீர் நிறுத்திய கையோடு பிப்ரவரியில் நட்டு, கோடை முழுக்கக் குடம் குடமாக ஊற்றினால் ஜூன் தண்ணீர் வருவதற்குள் பிடித்துக்கொள்ளும். மே மாதக் கடைசியில் நட்டால் முதல் தண்ணீரே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மண் கரையின் மேலேயே பெரிய மரம் வைக்கச் சொல்லாதீர்கள். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாயாகும். வெள்ளத்தில் அது வழியே தண்ணீர் கசிந்து கரையை அறுக்கும். நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை எல்லாம் கரையை விட்டுத் தள்ளி, ஊர்ப்பக்கம், நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள குழியில்.

குழந்தைகள் பகுதிக்கு ரப்பர் தரை வேண்டாம். வெயிலில் கால் பொசுங்கும். ஓர் அடி ஆழத்துக்கு அலசிய மணல் போதும், ஆனால் மாதம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஊஞ்சலின் சங்கிலி எவ்வளவு உயரத்திலிருந்து தொங்குகிறதோ, அதைப் போல இரு மடங்கு இடம் முன்னும் பின்னும் காலியாக இருக்கட்டும். தகரச் சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து வைப்பவரை மதியம் 3 மணிக்கு அதில் ஒருமுறை சறுக்கச் சொல்லலாம்.

கழிப்பறைக்கு உறிஞ்சுகுழி தோண்டவே கூடாது. கம்பரசம்பேட்டையில் ஆற்று மணலுக்கு அடியிலிருந்துதான் மாநகருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மணலில் விட்ட கழிவு எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடையோடு இணைக்க முடியாத இடத்தில் கழிப்பறையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டட்டும். நூறடி கூட நடந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

இவ்வளவும் சரியாகக் கட்டினாலும் வெள்ளம் வண்டலை விட்டுவிட்டுத்தான் போகும். அதை ஈரத்தோடேயே, தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கும்போதே, மோட்டார் வைத்து அடித்து ஆற்றுக்குள் தள்ளிவிட வேண்டும். இரண்டு நாள் காய விட்டால் கடப்பாரைதான். ஆகவே எஸ்டிமேட்டைப் பார்க்கக் கிடைத்தால் நீரூற்று எத்தனை என்று தேடாதீர்கள். ஒரு மோட்டார், ஒரு ஹோஸ், நான்கு ஆள் கூலி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிகளையும் ஒரு பார்வை பாருங்கள். பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட் என்று எழுதியிருந்தால் உடனே ஆட்சேபணை கொடுங்கள். பாசி பிடித்தால் வழுக்கி விடும். உளியால் கொத்திய சொரசொரப்பான கல்தான் வேண்டும், உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகாமல், அகலம் ஓர் அடிக்குக் குறையாமல். கடைசிப் படிக்கு அப்பால் இரும்புத் தூண் நட்டுச் சங்கிலி. பதினெட்டாம் பெருக்கன்று முளைப்பாரியோடு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. மேலே, பெண்கள் உடை மாற்ற நான்கு சுவரும் உள்ளே தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. அதற்கு அலங்கார வளைவின் செலவில் கால்வாசி கூட ஆகாது.