மூன்றாம் தடவை யாருக்காக, அம்மா?

மட்டக்களப்பு மாவட்டக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகன் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை உயர்தரம் எழுதினான், மூன்று பாடத்திலும் எஸ், அதாவது சாதாரண சித்திதான். மூன்றாம் தடவை எழுத வைப்பதா, கனடா மாமா சொல்வதுபோல வயலை ஈடுவைத்து வெளிநாட்டில் வைத்தியம் படிக்க அனுப்புவதா? பொடியனோ அயல்வீட்டு பிரிட்ஜ், ஏசி எல்லாம் கழற்றிப் பூட்டிக்கொண்டு திரிகிறானாம்.

உங்கள் பயம் விளங்குகிறது அம்மா. ஆனால் வயலில் கைவைக்காதீர்கள். வெளிநாட்டில் பட்டம் முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே பதிவு கிடைக்கும். சபை கேட்கும் உயர்தரப் பெறுபேற்றுக்கு மூன்று எஸ் போதாது. வட்டி கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்றாம் தடவைதான் கடைசி. அவனுக்கு விருப்பமென்றால் எழுதட்டும், சொந்தக்காரர் வாய்க்குப் பயந்து எழுத வேண்டாம்.

அவன் கை ஏற்கெனவே ஒரு தொழிலைத் தேடிப் போயிருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்து மீனுக்கு ஐஸ் வேண்டும், பாசிக்குடா விடுதிகளுக்கு ஏசி வேண்டும், பால் சேகரிக்கும் இடங்களுக்குக் குளிரூட்டி வேண்டும். கடற்காற்றின் உப்பு ஏசி வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. சரியாகச் செய்பவர்தான் குறைவு.

குளிரூட்டும் காஸ் குறைந்த ஏசிக்குக் கசிவைத் தேடாமல் காஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போவார்கள், சில மாதத்தில் மறுபடி குளிராது. முறையாகப் படித்தவர் இருக்கிற காஸை வெளியே விடாமல் சிலிண்டரில் எடுப்பார். நைதரசனை அழுத்தத்தில் ஏற்றி, மூட்டுகளில் சோப்புநீர் பூசி, குமிழி வரும் இடத்தைப் பிடிப்பார். செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போதும் உள்ளே நைதரசனை மெல்ல ஓடவிடுவார். இல்லாவிட்டால் உட்புறம் கறுப்பாகச் செப்பு ஒட்சைட்டுப் படிந்து, அது உதிர்ந்து நுண்குழாயை அடைத்துவிடும். பிறகு வெற்றிடப் பம்பால் உள்ளழுத்தத்தை 500 மைக்ரோன் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இறக்கி, பம்பை மூடிப் பார்ப்பார். மானி ஏறினால் ஈரமோ கசிவோ இன்னும் இருக்கிறது. கடைசியாகத்தான் தராசில் நிறுத்துக் காஸ் ஏற்றுவது. ஆர்410ஏ என்ற ஏசி காஸ் ஒரு கலவை என்பதால் திரவமாகவே ஏற்ற வேண்டும். அதன் அழுத்தம் பழைய ஆர்22 காஸைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு, பழைய மானி தாங்காது. புதிய பிரிட்ஜ்களில் வரும் ஆர்600ஏ காஸ் தீப்பற்றும். காஸ் இருக்கும்போது குழாயில் நெருப்பு வைத்தால் உயிராபத்து. உங்கள் மகன் பார்த்துப் பழகிய வித்தையோடு நின்றுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ குளிரூட்டல், வளிச்சீராக்கல் கற்கைக்கு விசாரியுங்கள். வேலைத்தளத்தில் பழகிக்கொண்டே படிக்க நைட்டா என்ற அரச பயிலுநர் பயிற்சி நிறுவனத்தின் முறை இருக்கிறது. இலக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டம். அதன் பிறகு 5, 6 டிப்ளோமா. 7 பட்டம், அதற்கு ரத்மலானையில் யுனிவொடெக் எனும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஒரு திருத்துவேலை பாஸிடம் எடுபிடியாகச் சேர்த்துவிட்டால் வருடங்கள் போகும், கையில் கடதாசி இராது.

சேர்க்குமுன் மகனையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். கற்கை என்.வி.கியூ.வுக்கு அங்கீகரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வெற்றிடப் பம்பையும் காஸ் மீட்கும் இயந்திரத்தையும் அவன் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவை ஓடாத இடத்தில் காசு கட்டாதீர்கள்.