உவர்நீரில் லித்தியம்: மஞ்சள் நிறம் சொன்ன பொய்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கடல்நீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் உவர்நீரிலிருந்து லித்தியத்தைப் பிரிப்பதுதான் என் திட்டப்பணி. லித்தியத்தின் அளவுக்கு 12-கிரவுன்-4 என்ற கிரவுன் ஈதர் (12 அணு வளையம், அதில் 4 ஆக்சிஜன்; நடுத் துளையில் அயனி அமரும்) பொருந்தும் என்று படித்தேன். அதைக் குளோரோஃபார்மில் கரைத்து லித்தியம் பிக்ரேட் என்ற மஞ்சள் உப்பின் நீர்க்கரைசலுடன் குலுக்கியபோது கீழடுக்கு இலேசாக மஞ்சளானது. அதே கரைசலை உவர்நீருடன் குலுக்கினால் லித்தியம் ஏறவே இல்லை. துளை இன்னும் கச்சிதமாக இருக்கும் ஈனியை (உலோக அயனியைப் பிடிக்கும் மூலக்கூறை) நானே தயாரிக்க வேண்டுமா? எட்டு வாரம்தான் மிச்சமிருக்கிறது.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கைவேலையில் பிழையில்லை. அந்த மஞ்சள் நிறம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது.

கிரவுன் ஈதருக்கு மின்சுமை கிடையாது. அது லித்தியத்தைத் தூக்கிக்கொண்டு குளோரோஃபார்முக்குள் போகவேண்டுமானால், கூடவே எதிர்மின்சுமையுள்ள ஓர் எதிரயனியும் போயாக வேண்டும். பிக்ரேட் பெரிய அயனி, மின்சுமை பரவிக் கிடப்பது. தண்ணீரை விட்டுப் புறப்பட அதற்குத் தயக்கமே இல்லை. உவர்நீரில் இருப்பவை குளோரைடும் சல்ஃபேட்டும். இவற்றைத் தண்ணீர் இறுகப் பற்றியிருக்கிறது. முதல் சோதனையில் நீங்கள் அளந்தது பெரும்பாலும் துணைக்குப் போனவனின் சம்மதத்தைத்தான்.

ஈனியிலும் ஒரு குறை இருக்கிறது. 12-கிரவுன்-4 தண்ணீரிலும் நன்றாகக் கரையும். ஒவ்வொரு முறை குலுக்கும்போதும் அதில் ஒரு பகுதி மேலே உள்ள நீரடுக்குக்கு நழுவிவிடும். எண்ணெய்ப் பக்கமே (கரிமக் கரைப்பான் அடுக்கிலேயே) இருக்கச் செய்ய, நீண்ட கார்பன் வால் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை: அதன் ஆவி நச்சு. புகைக்கூண்டுக்கு வெளியே பாட்டிலைத் திறக்காதீர்கள்.

இனி அந்தத் துளைக் கணக்குக்கு வருகிறேன். சார்லஸ் பெடர்சன் டூபாண்ட் நிறுவனத்தில் வேறொன்றைத் தயாரிக்கப்போய், கழிவோடு போயிருக்கவேண்டிய சிறிதளவு வெண்படிகத்தை எறியாமல் ஆராய்ந்தார். கிரவுன் ஈதர்கள் பிறந்தது அப்படித்தான். கட்டுரை 1967இல் வந்தது. நோபல் பரிசு 1987இல், டோனல்ட் கிராம், ழான்-மரீ லென் ஆகியோருடன். பொட்டாசியம் 18-கிரவுன்-6இன் நடுவே கச்சிதமாக அமர்ந்திருக்கும் படம் பாடநூல்களில் ஏறியது. செருப்பு வாங்குவதுபோல அளவு பார்த்து ஈனியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ஆனால் மெத்தனாலில் சோடியத்தை, அதற்கு ‘அளவான’ 15-கிரவுன்-5ஐவிட ‘பெரிதான’ 18-கிரவுன்-6 ஏறத்தாழ பத்து மடங்கு வலுவாகப் பிணைக்கிறது. கொடை தரும் ஆக்சிஜன் ஒன்று கூடுதலாக இருப்பது அங்கே துளையின் அளவைவிட முக்கியமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர். 18-கிரவுன்-6 பொட்டாசியத்தை மெத்தனாலில் பிடிக்கும் சமநிலை மாறிலி (பிடியின் வலுவைக் காட்டும் எண்) ஏறத்தாழ பத்து லட்சம். தண்ணீரில் அது வெறும் நூறு. ஈனி மாறவில்லை, அயனி மாறவில்லை, கரைப்பான் மட்டும்தான் மாறியது. லித்தியத்தின் பாடு இன்னும் மோசம். அதன் நீரேற்ற உறையைக் கழற்ற மோலுக்கு ஏறத்தாழ 475 கிலோஜூல் வேண்டும். சோடியத்துக்கு 365, பொட்டாசியத்துக்கு 295. சிறிய அயனி என்பதால் தண்ணீரை விடாப்பிடியாகக் கட்டிக்கொள்கிறது. இது போதாதென்று, இரண்டு 12-கிரவுன்-4 மூலக்கூறுகள் மேலும் கீழுமாகச் சேர்ந்து ஒரு சோடியத்தைச் சாண்ட்விச் போல அணைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கென்று நீங்கள் போட்ட நாற்காலியில் சோடியம் இப்படித்தான் உட்கார்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு லித்தியம் ஏறத்தாழ 0.18 மில்லிகிராம், சோடியம் 10,800 மில்லிகிராம். மோல் கணக்கில் ஒரு லித்தியத்துக்கு ஏறத்தாழ 18,000 சோடியம். சுத்திகரிப்பில் மிஞ்சும் உவர்நீரில் இரண்டுமே ஏறத்தாழ இருமடங்காகும். விகிதம் அப்படியே இருக்கும். ஆயிரம் மடங்கு தேர்வுத்திறன் உள்ள ஈனி உங்களிடம் இருந்தாலும் (இருந்தால் என்னிடமும் கொஞ்சம் கொடுங்கள்), அது பிடிக்கும் ஒவ்வொரு லித்தியத்துடனும் 18 சோடியம் ஏறிவரும். மக்னீசியம் வேறு, லித்தியத்தைப்போல் 2,000 மடங்கு. ஒரு கன மீட்டர் உவர்நீரை ஒட்டப் பிழிந்தாலும் கிடைப்பது மூன்றில் ஒரு கிராம் லித்தியம். ஒரு கைபேசி மின்கலத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது.

எனவே, ஈனியை மாற்றுமுன் தண்ணீரை மாற்றுங்கள். 2005இல் சிங்கப்பூரின் துவாஸில் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்ததிலிருந்து இந்த உவர்நீர்க் கனவு நம் மாணவர்களை விட்டபாடில்லை. அதே துவாஸில் 2021இல் மின்கல மறுசுழற்சி ஆலையும் திறக்கப்பட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நொறுக்கிய மின்கலப் பொடியிலிருந்து ஆரஞ்சுத் தோலையும் சிட்ரிக் அமிலத்தையும் கொண்டே உலோகங்களைக் கரைத்தெடுத்துக் காட்டினார்கள். அத்தகைய கரைசலில் கோபால்ட், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றை முதலில் நீக்கிவிட்டால் லித்தியம் லிட்டருக்குக் கிராம் அளவில் நிற்கும். அங்கும் சோடியம் இருக்கும், காரத்தோடு நாமே சேர்ப்பது. ஆனால் 18,000 மடங்கு இருக்காது.

அந்தக் கரைசலுக்கு எந்த ஈனி? நேரம் இருந்தால் 14-கிரவுன்-4 என்பேன். ஆக்சிஜன் நான்குதான்; ஆனால் சில பாலங்களில் இரண்டு கார்பனுக்குப் பதில் மூன்று. உலோகத்தோடு சேர்ந்து ஐந்தணு வளையம் அமைந்தால் பெரிய அயனிக்குச் சாதகம், ஆறணு வளையம் அமைந்தால் சிறிய அயனிக்குச் சாதகம் என்பது வேதியியலாளர் ராபர்ட் ஹான்காக் வலியுறுத்திய விதி. துளைக் கணக்கைவிட இதை நான் நம்புவேன். முதுகில் பருமனான தொகுதி ஒன்றை வைத்தால் சாண்ட்விச் தடைபடும். பக்கவாட்டில் ஒரு கார்பாக்சிலிக் அமிலக் கை இருந்தால் ஈனியே எதிரயனியாகிவிடும். குளோரைடிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இத்தனையையும் எட்டு வாரத்தில் செய்ய முயன்றால் வளையத்தை மூடுவதற்குள் கல்லூரியே மூடிவிடும்.

அதனால் விலைக்குக் கிடைக்கும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்: ஃபுளோரின் ஏறிய பீட்டா-டைகீட்டோன் ஒன்றும் ட்ரைஆக்டைல்பாஸ்ஃபீன் ஆக்சைடும். காரக் கரைசலில் டைகீட்டோன் தன் புரோட்டானை விட்டு எதிர்மின்சுமை பெறுகிறது. பாஸ்ஃபீன் ஆக்சைடு லித்தியத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீரை நெட்டித் தள்ளி அந்த இடத்தில் தான் அமர்கிறது. கால்சியமும் மக்னீசியமும் முந்திக்கொள்ளும் என்பதால் அவற்றை முன்பே வீழ்படிவாக்கிவிடுங்கள். ‘இது மீமூலக்கூற்று வேதியியலா (மூலக்கூறுகள் வலுக்குறைந்த பிணைப்புகளால் கூடுவதை ஆராயும் துறையா)?’ என்று ஆசிரியர் கேட்டால், செம்புச் சுரங்கங்களைச் சொல்லுங்கள். அங்கே பயன்படும் ஆக்சைம் ஈனிகள் இரண்டிரண்டாக ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துச் செம்புக்குப் பொருத்தமான வளையத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. அந்த வளையத்தை யாரும் குடுவையில் தயாரிக்கவில்லை.

பிடித்த அயனியை எப்படி விடுவிப்பீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் எங்குமே காணோம். அமெரிக்காவின் சவானா ரிவர் அணுக்கழிவு வளாகத்தில், காலிக்ஸ்அரீன் என்ற கிண்ண வடிவ மூலக்கூறும் கிரவுன் ஈதரும் இணைந்த ஓர் ஈனி, சோடியம் மலிந்த காரக் கழிவிலிருந்து சீசியத்தை மட்டும் பொறுக்கி எடுத்தது. விடுவிக்க 0.001 மோலார் நைட்ரிக் அமிலமே போதும். நைட்ரேட் குறைந்ததும் சீசியத்துக்கு எண்ணெய்ப் பக்கத்தில் துணையில்லை, தண்ணீருக்குத் திரும்பிவிடுகிறது. டோனல்ட் கிராம் உருவாக்கிய ஸ்ஃபெராண்ட் என்ற வளைந்துகொடுக்காத ஈனி இதற்கு நேர்மாறு: லித்தியத்தை அபாரமாகப் பிடிக்கும், லேசில் விடாது. ஆய்வுக் கட்டுரைக்கு அது அழகு, ஆலைக்கு ஆகாது.

ஆகவே முதல் வாரத்திலேயே, ஏறிய லித்தியத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குலுக்கி இறக்கிப் பாருங்கள். ஈனியே இல்லாத வெறும் கரைப்பானையும் அதே கரைசலுடன் ஒருமுறை குலுக்குங்கள். நிறத்தை நம்பாமல் இரண்டு அடுக்குகளிலும் லித்தியத்தை அளந்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை தொடக்க அளவோடு ஒத்துவராவிட்டால், நடுவே அழுக்குப்படலம்போல் நிற்கும் அடுக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்தப் பிக்ரேட் கரைசலை இனி வைத்திருக்க வேண்டாம். காய்ந்த பிக்ரேட் உராய்ந்தாலே வெடிக்கக்கூடியது. பாட்டிலின் மூடி ஓரத்தில் மஞ்சள் படிகம் தெரிந்தால் திருகித் திறக்காதீர்கள். தொடாமல் ஆய்வக மேற்பார்வையாளரை அழையுங்கள்.