ஆபோகியில் நீர் பாடியதுண்டா?

கேள்வி: சமீபத்தில் ஒரு கச்சேரியில் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ பாடிய வித்வான், தியாகராஜர் கேட்டதால் பிறந்த பாட்டு இது என்றார். நிஜமா, மேடைக்காகச் சொன்னதா?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: உங்கள் ஊர்க்காரர் சமாச்சாரத்தை என்னிடம் கேட்கிறீர்களே! கதை இதுதான். இந்தப் பாட்டை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றுக்குப் போய்த் தியாகராஜர் வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், சீடர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று தியாகராஜர் விசாரிக்க, இவர் மாயவரம் (உங்கள் மயிலாடுதுறைதான்) என்று சொல்ல, ‘அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாராமே, தெரியுமா?’ என்று அடுத்த கேள்வி. ‘அடியேன்தான்.’ அப்புறம் பேச்சோடு பேச்சாக, ஆபோகியில் நீர் ஏதாவது பாடியதுண்டா என்று கேட்கிறார். பாரதியார் அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து பாடியதுதான் இந்தப் பாட்டு.

இதை எழுதி வைத்தவர் உ.வே.சா. அவர் பாரதியாரிடமே கொஞ்ச நாள் பாட்டு கற்றவர். (அவருடைய தமிழ் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு விஷயம் தெரிந்ததும், சங்கீதத்தில் மனசு போனால் இலக்கணம் ஏறாது என்று சொல்லிவிட, பாட்டு அதோடு நின்றது. தமிழுக்கு லாபம், வேறென்ன சொல்ல.) வயசுக் கணக்கும் இடிக்கவில்லை. 1810ஐ ஒட்டிப் பிறந்த பாரதியாருக்கு, தியாகராஜர் 1847இல் சமாதியானபோது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்ததா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் நான் நம்புகிற பக்கம்தான்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. ராமனைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மனிதர் முன்னால் உட்கார்ந்து, தில்லைச் சபாபதிக்கு, அதாவது நடராஜருக்கு, சமானமாக வேறு தெய்வம் உண்டா என்று பாட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சரணத்தில் ‘ஒருதரம் சிவசிதம்பரம் என்று சொன்னால் போதுமே’ என்று வேறு வருகிறது. கதையில் தியாகராஜர் கோபித்துக்கொள்ளவில்லை, ரசித்தார். ஆபோகியில் பஞ்சமமும் (ப) கிடையாது, நிஷாதமும் (நி) கிடையாது. ஐந்தே ஸ்வரம். அதை வைத்துக்கொண்டு அந்தப் பல்லவி எப்படி மேலே ஏறி இறங்குகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள், வித்வான் சொன்ன கதை மறந்தே போகும்.

கேள்வி: வராளி ராகத்தைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் சண்டை வருமாமே?
- சேலம் வாசகர்

பதில்: வரும். அதன் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, சரியான இடத்தில் பிடிக்க வைப்பதற்குள் எந்த குருவுக்கும் கோபம் வரத்தான் செய்யும். இந்தப் பயத்தால் வராளியைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே, நம் கச்சேரிக்குள் எப்படி வந்தது?
- மதுரை வாசகர்

பதில்: சென்னைக்குப் பக்கத்தில் மணலி வழியாக வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் அங்கே இருந்த காலத்தில் கோட்டையின் பேண்டு இசை அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடிலைக் கற்றுக்கொண்டார், அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். பாட்டு கிளாஸில் குழந்தைகள் பாடும் ‘சக்தி ஸஹித கணபதிம்’ அந்த நோட்டுஸ்வர வகைதான். ‘ஸந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு, அதில் ராஜாவுக்குப் பதில் அம்பாள்! தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பிடிலில் கெட்டிக்காரர், சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் ஒரு பிடிலே கொடுத்தார்.

வாத்தியம் அதேதான், பழக்கத்தை நாம் மாற்றிவிட்டோம். அவர்கள் மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு நின்று வாசிக்கிறார்கள். நம்மவர் சம்மணம் போட்டு, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வைப்பதால் இடது கை தாங்க வேண்டிய வேலையே இல்லாமல் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அங்கேதான் பிழைக்கிறது. நாலு தந்திக்கும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்பதும் நம் ஏற்பாடுதான்.

கேள்வி: திருவையாறு ஆராதனையில் பெண்களைப் பாட விடாத காலம் இருந்ததா?
- கோயம்புத்தூர் வாசகி

பதில்: இருந்தது, அதுவும் தியாகராஜர் சமாதியைக் கட்டிய பெண்ணையே விடவில்லை! பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சம்பாத்தியத்தைப் போட்டு, சிதைந்து கிடந்த இடத்தை வாங்கிச் சமாதியை எழுப்பினார். ஆராதனை நடத்தியவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. அம்மாள் 1927இல் சமாதிக்குப் பின்புறம் பெண்களை வைத்துத் தனியாகக் கச்சேரி நடத்த ஆரம்பித்தார். ‘பெண்கள் கட்சி’ என்று பேர். 1940 வாக்கில்தான் மூன்றும் ஒன்றாயின.

ஏற்கெனவே முத்துப்பழனி என்ற தஞ்சைத் தாசி எழுதிய தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, அதை வெள்ளைக்கார சர்க்கார் ஆபாசம் என்று தடை செய்ததையும் பார்த்துவிட்டவர் அவர். வைதிகக் கோபத்துக்கா பயப்படுவார்? பெண்களும், தேவதாசிகளும்தான், அங்கே பாடும் உரிமை தொடர வேண்டும் என்று உயிலில் எழுதிவிட்டுத்தான் 1952இல் கண்ணை மூடினார். அவர் சமாதியும் அங்கேதான், தியாகராஜரைப் பார்த்தபடி.

கேள்வி: தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் ஏன் சார் கூட்டம் எழுந்து போகிறது?
- மாம்பலம் வாசகர்

பதில்: பாட்டு நின்று மிருதங்கம், கடம் மட்டும் வாசிக்கும் அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து போகிறவரா, உட்கார்ந்திருப்பவரா? கேன்டீனில் வடை தீர்ந்துவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் போன டிசம்பரில் கால் வலியால் எழுந்திருக்க முடியாமல் முன் வரிசையிலேயே மாட்டிக்கொண்டேன். தாளம் மிச்ர சாபு. மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி பதிலாக வாசித்து, நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடக்காரர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி அழுத்தி எடுக்க, ஒவ்வொரு தட்டுக்கும் நாதம் கீழே இறங்கி மேலே வந்தது. என் பக்கத்தில் ஒரு பத்து வயசுப் பையன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். முடிவில் மூன்று முறை வாசிக்கும் கோர்வை மூன்றாம் முறை வந்து இடத்தில் விழுந்தபோது அவன் கையும் சரியாக விழுந்தது, என் கை அரை அட்சரம் தள்ளி.

வடை தீர்ந்துதான் போயிருந்தது.