வீட்டுச் சமையலறையில் தொடங்கிய வணிகம்: கேள்வி பதில்

பெருந்தொற்றுக் காலத்தில் பொடி, தொக்கு, ஊறுகாய் விற்பனையை வீட்டிலேயே தொடங்கி இன்றும் நடத்திவருகிறேன். அது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

2020-ல் இத்தனை பேர் வீட்டிலிருந்து விற்கத் தொடங்கியது வருமானம் நின்றதால்தானா?

அதுவே முதற்காரணம். ஆனால், மார்ச் 25 அன்று ஊரடங்கு வருவதற்கு முன்பே கருவிகள் கைக்கு வந்திருந்தன: யுபிஐ 2016-லும், வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 தொடக்கத்திலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. வெளியே போக அஞ்சிய அடுக்குமாடிக் குடியிருப்பினர் தங்கள் குழுக்களிலேயே இட்லி மாவும் பருப்புப் பொடியும் கேட்டார்கள். முகம் தெரிந்தவரின் சமையலறை என்ற நம்பிக்கை இருந்ததால் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை.

வீட்டில் அரைக்கும் பொடிக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா ஐயா?

கட்டாயம் வேண்டும். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தவர்களுக்கு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு கிடைத்தது. 2020 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ஃபாஸ்காஸ் என்ற, உணவு வணிகப் பதிவுக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கவும் முடிந்தது. 14 இலக்கப் பதிவு எண்ணோடு சேர்பொருள்கள், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்பவற்றையும் உறையில் அச்சிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கு அந்தச் சேர்பொருள் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உத்யம் பதிவு இருந்தால் போதாதா?

போதாது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அது, சிறுதொழில் என்பதற்கான இலவச அடையாளம் மட்டுமே.

பெங்களூருக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி உண்டா?

வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு தேவை. கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு நிபந்தனையுடன் விலக்கு உண்டு. பொடிக்கும் தொக்குக்கும் இல்லை. பலர் அறியாமல் தவறியது இங்கேதான்.

நிறைய ஆர்டர் வந்தும் என் தங்கை ஓராண்டில் நிறுத்திவிட்டார். ஏன்?

விலையை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. மிளகாய், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையைக் கூட்டி அதன்மேல் சிறிது லாபம் வைத்த பலர், எரிவாயு, மின்சாரம், உறை, உடைந்து திரும்பிய புட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வறுத்து அரைத்த தங்கள் உழைப்பு ஆகியவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் விற்றேன். கணக்கு நோட்டில் என் கூலிக்கென்று ஒரு வரியைச் சேர்த்த அன்றுதான், பூண்டுத் தொக்கு ஒவ்வொரு புட்டியிலும் நட்டம் தந்திருப்பது தெரிந்தது. பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது என்று பழகிய மனமே இந்தத் தொழில்கள் பலவற்றை முடக்கியது என்பது என் உறுதியான கருத்து. உணவகங்கள் திறந்து ஆர்டர் குறைந்தபோது, அப்படி விற்றவர்களிடம் தாக்குப்பிடிக்கக் கையிருப்பே இல்லை. விலையை உயர்த்தினால் சிலர் விலகுவார்கள். சுவை பிடித்தவர்கள் மீண்டும் கேட்பார்கள்.

தொக்கைக் கண்ணாடிப் புட்டியில் அனுப்பலாமா?

உள்ளூருக்கு அனுப்பலாம். கூரியரில் எண்ணெய் கசியும் என்பதால், நன்கு ஆறிய பிறகு தடித்த உறையில் இட்டு, வாயை இருமுறை வெப்பத்தால் ஒட்டி, ஒரு நாள் கவிழ்த்து வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.